உட்கார்ந்து பார்ப்பவர்

கம்பெனி பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாக இருக்கின்றன. பகலவன் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வல்லம் வடகாலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏறியதிலிருந்து நிற்கிறார். வண்டி ஊர் ஊராகச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போய்ச் சேரும்வரை நிற்பார். புதிதாக வந்த ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சார், சீட்டு காலியா கீது பாருங்க" என்கிறான். "தெரிது. நீ ரோட்ட பாரு" என்கிறார் பகலவன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவரைப் போல ஒரு காலை முன்னால் வைத்து நிற்பது அவர் பழக்கம். எந்த நிறுத்தத்திலும் இறங்குவதில்லை.

நிற்கிற மனிதனை ஊர் சும்மா விடுவதில்லை. கல்யாணத்தில் நின்றால் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துவிடுகிறார்கள். சாவு வீட்டில் நின்றால், "எப்போ எடுக்கறீங்க?" என்று கேட்கிறார்கள். வங்கியில் நின்றால் ஒரு கிழவர் வந்து பேனா வாங்கிக்கொண்டு போகிறார். கிராம சபைக் கூட்டத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் நின்றார். ஏதோ எதிர்ப்பு என்று நினைத்துத் தலைவர் மைக்கை நீட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் பகலவன் தெருவிளக்கைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். மறுவாரமே விளக்கு எரிந்தது. இப்போது தெருவில் யாருக்குக் குறை இருந்தாலும், "நீ போய் கொஞ்சம் நில்லு பகலவா" என்கிறார்கள்.

அவருக்கு உட்கார்ந்தால் வலிக்கும். நோய் அவ்வளவுதான். மூன்று மூச்சு வரை ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் வால் எலும்புக்குக் கீழே யாரோ திருப்புளியை வைத்து அவசரமில்லாமல் திருகுவார்கள். திருகத் திருக அது இடது தொடை வழியாக இறங்கிக் கணுக்காலில் போய்க் கொதிக்கும். எழுந்துவிட்டால் தணியும். படுத்தால் இருக்கிற இடம் தெரியாது. "குத்தல்னும் சொல்ல முடியாது, எரிச்சல்னும் சொல்ல முடியாது. உக்காந்தா எழுந்துரு எழுந்துருன்னு சொல்லுது" என்பார்.

அவருடைய வேலை உட்காருவது. ஒரகடத்தில் கார்களுக்கு இருக்கை செய்கிற கம்பெனி. இருக்கைகள் நகர்ந்து வருகிற பெல்ட்டின் கடைசியில் பகலவன் இருப்பார். முடிந்து வருகிற இருக்கையில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இடமும் வலமும் அசைந்து, கிறீச் என்கிறதா என்று காதால் கேட்டு, எழுந்து, பச்சை ஸ்டிக்கரோ சிவப்பு ஸ்டிக்கரோ ஒட்டுவார். மூன்று மூச்சுக்குள் முடிகிற வேலை. ஆகவே வேலைக்குத் தொந்தரவில்லை. பெரிய மனிதர்கள் வாங்கப் போகிற கார்களில் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் பகலவன்தான். மூன்று மூச்சு மட்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் போனார்.

"உக்காருங்க."

"உக்கார முடியாமத்தான் சார் வந்துகீறேன்."

"அதான், உக்காந்து சொல்லுங்க. எங்க வலிக்குது?"

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். "இங்கதான் சார்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"உக்கார்ற வேல சார்."

டாக்டர் பேனாவை மூடினார். "நாள் முழுக்க நிக்கறவங்களுக்கு வலிக்கும். உங்களுக்கு ஏன் வலிக்கணும்?"

பகலவன் அதைக் கேள்வி என்று நினைத்து யோசித்துக்கொண்டிருந்தார். டாக்டர் மணியை அடித்து அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார். போகும்போது ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் மனைவி காந்திமதி எல்லையம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். "ஏதாச்சும் ஒண்ணு தெரியட்டும் தாயே. பெருசா வாணாம். சின்னதா" என்று வேண்டிக்கொண்டாள். பகலவனின் அப்பா சாமி இல்லை என்று மேடையில் பேசியவர். பிள்ளைகளுக்குப் பகலவன், செந்தாமரை என்று தேடித் தேடிப் பெயர் வைத்தவர். அவர் இருந்தவரை வீட்டில் ஒரு சாமி படம் கிடையாது. மகனுக்கு வலி வந்த பிறகு சுவரில் ஆணி அடிக்க இடமில்லை.

எல்லையம்மன் கைவிட்டாள். ஸ்கேன் எடுத்த பையன் சிரித்துக்கொண்டே வெளியே வந்து கைகொடுத்தான். "சூப்பர்ண்ணே. எல்லாம் நார்மல்."

"நல்லா பாத்தியாப்பா? ஓரத்துல, அப்டி எங்கியாச்சும்?"

"எங்கியும் இல்லண்ணே. இந்த மாதிரி முதுக நான் பாத்ததே இல்ல."

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் ரசித்தார். "இத இங்கயே வெச்சிட்டுப் போறீங்களா? பேஷண்டுங்களுக்குக் காட்ட ஒரு நல்ல முதுகு தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். பகலவனுக்கு மறுக்கத் தெரியவில்லை. சில வாரம் கழித்து மாத்திரை மாற்றப் போனபோது, உள்ளே ஒரு பருத்த ஆளிடம் டாக்டர் அந்தப் படத்தைக் காட்டி, "முதுகுன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பருத்த ஆள் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற பகலவனிடம் ஓர் அம்மாள், "டோக்கன் நீங்கதான் குடுக்கறதா?" என்று கேட்டாள்.

நார்மல் என்ற சொல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குக் கெட்ட காலம். அதுவரை, பாவம் வலிக்காரன் என்ற பெயராவது இருந்தது. இப்போது அவர் நிற்பதற்கு வேறு காரணம் தேட ஆரம்பித்தார்கள். தங்கை செந்தாமரையின் மாமியார் முதலில் கண்டுபிடித்தாள். செந்தாமரை சுங்குவார்சத்திரத்தில் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது பகலவன் பந்தியில் உட்காராமல், ஜன்னல் திட்டில் இலையை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். மாமியார் அதை மறக்கவில்லை.

ஆடி முடிகிற சமயத்தில் செந்தாமரையும் அவள் கணவன் ரகுவும் தட்டில் பழம் பாக்கோடு வந்தார்கள். மகள் யாழிசைக்குக் காதுகுத்து. பகலவன் நின்றபடி வரவேற்றார். ரகு பாதி உட்கார்ந்தவன், மச்சான் நிற்பதைப் பார்த்து எழுந்துவிட்டான். செந்தாமரையும் எழுந்தாள். காபி கொண்டு வந்த காந்திமதியும் நின்றாள். சண்டைக்கு நிற்கிறவர்களைப் போல நாலு பேரும் டம்ளரோடு நடுக்கூடத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டையும் வந்தது.

"எங்க வூட்டு மனுசங்க முன்னாடி உக்காரக் கூடாதுன்னு எதுனா வேண்டுதலாண்ணா?" என்றாள் செந்தாமரை.

"வலி பாப்பா."

"ஸ்கேன்ல நார்மல்னு வந்துச்சாமே மச்சான்" என்றான் ரகு.

"ஸ்கேன் படுத்துகினு எடுத்தாங்க. எனக்குப் படுத்தா வலிக்கல."

"எங்க மாமியாரு இன்னா சொல்லுது தெரியுமா? கம்பெனில நாள் பூரா உக்கார்றாரு. சம்பளம் குட்த்தா உக்கார்றாரு. சம்பந்தி வூட்ல உக்கார மட்டும் வலிக்குதான்னு கேக்குது. நான் இன்னா பதில் சொல்ல?"

பகலவன் காபியை ஊதினார்.

"பத்து வருசம் கழிச்சிப் பொறந்த கொயந்த. மாமன் மடில வெச்சித்தான் காது குத்தணும். நீ உக்காரலன்னா நம்ம சித்தப்பா மவன் மாரிசெல்வத்த உக்கார வெச்சிடுவேன். அப்புறம் எனக்கு அண்ணன்னு யாரும் கெடையாது. சொல்ட்டேன்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. தட்டைக் காந்திமதியிடம் கொடுத்துவிட்டு வேகமாக இறங்கிப் போனாள். ரகு மட்டும் வாசலில் திரும்பி, "சேரு கூட நல்ல சேரு மச்சான். சிம்மாசனம் சொல்லிகீறேன்" என்றான், ஆறுதலாக.

அன்றிலிருந்து பகலவனுக்கு வலிக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரிய வேண்டாமென்று ஆகிவிட்டது. இரண்டு காது குத்துகிற நேரம் உட்கார வேண்டும். அது போதும்.

எலும்பு வைத்தியர் ஒருவர் இடுப்பைச் சுற்றி முட்டையும் பச்சிலையும் வைத்துக் கட்டினார். கட்டு இறுகியதில் உட்காரவே முடியவில்லை. "பாத்தியா, உக்காரலன்னா வலிக்கல" என்றார் வைத்தியர். நேர்த்திக்கடனுக்கு உரு வாங்கிப் போடலாம் என்று காந்திமதி ஓர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். கடையில் வெள்ளித் தகட்டில் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது. அவருக்கு வலிக்கிற பாகம் மட்டும் இல்லை. "அத யாரும் வேண்டிக்கறது இல்லீங்க. முழு ஆளா வாங்கிப் போட்ருங்க. அதுல எல்லாம் அடக்கம்" என்றார் கடைக்காரர். தகட்டில் இருந்த முழு ஆள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். "உக்காந்த ஆளு இருக்கா?" என்று கேட்டார் பகலவன். கடைக்காரர் காந்திமதியைப் பார்த்தார். நின்ற ஆளை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தார்கள்.

ஒரகடத்தில் செல்போன் கடைக்கு மேலே பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கும் பிரவீனா நல்ல பெண். அவள்தான் அவரை நின்றே பேசவிட்டாள்.

"பத்துக்கு எத்தனை வலிக்குதுன்னு சொல்லுங்க அண்ணா. ஒண்ணுன்னா கொஞ்சம், பத்துன்னா தாங்க முடியாது."

பகலவன் வெகுநேரம் யோசித்தார். "எங்க லைன்ல அப்டி இல்ல மேடம். ஓகே, ரிஜெக்ட், ரெண்டுதான்."

"சரி. இப்ப ரெண்டுல எது?"

"ரிஜெக்ட் மேடம்."

அவள் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தாள். நடுவில் ஓட்டை உள்ள காற்றுத் தலையணை ஒன்றையும் கொடுத்து, வலி போக மாதக்கணக்காகலாம் என்றாள். காதுகுத்து அதற்கு முன்னால் வந்துவிடும். தலையணையோடு பேருந்தில் ஏறிய அன்று பின்வரிசையிலிருந்து, "அண்ணே, செம்பரம்பாக்கம் ஏரில நீச்சலா?" என்று குரல் வந்தது. தலையணை இப்போது வீட்டில் குடத்துக்குக் கீழே இருக்கிறது.

இதற்கிடையில் கம்பெனிக்கு ஒரு ரோபோ வந்தது. மனித இடுப்பு அளவில் ஒரு கறுப்புப் பொம்மை. இருக்கையில் இறங்கி உட்கார்ந்து, அசைந்து, எழும். பகலவனுக்கு வேலை போகவில்லை. ரோபோவுக்குச் சந்தேகம் வந்தால் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். இரண்டாம் வாரமே ரோபோ பாதி இறங்கி நின்றுவிட்டது. உடனே புனேயிலிருந்து ஓர் இன்ஜினீயர் விமானத்தில் வந்தார். ஒயரைச் செருகி மடிக்கணினியைப் பார்த்தார். இடுப்பு மூட்டில் இடது பக்கம் பழுது என்று திரையில் சிவப்பாக வந்தது. பகலவன் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து மேடையில் தையல் பார்க்கும் சுடலைக்கண்ணு திருநெல்வேலிக்காரன். "அண்ணாச்சி, ஒயரு இன்னும் அவர் கையிலதான் இருக்கு. ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம்லா?" என்றான்.

"சும்மா இர்றா."

"சும்மா என்ன சும்மா. அதுக்கு ஏரோப்பிளேன்ல டாக்டர் வாராரு. நீங்க பஸ்ஸுல நின்னுட்டுப் போறிய."

வீட்டில் ஒத்திகை நடந்தது. யாழிசையின் எடைக்கு ஓர் அரிசி மூட்டையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முக்காலியில், கட்டில் ஓரத்தில், கவிழ்த்த அண்டாவில், மாடிப்படியில் உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்தாலும் மூன்று மூச்சுக்கு மேல் திருப்புளி வந்துவிட்டது. ஒருமுறை எழுந்த வேகத்தில் மூட்டை கீழே விழுந்து அரிசி வாசல்வரை ஓடியது. "நாளைக்குக் கொயந்தயையும் இப்டித்தான் போடுவியாய்யா?" என்றாள் காந்திமதி. "மூட்டைக்கு வாய் இல்ல. அவ மாமியாருக்குக் கீது." திட்டிக்கொண்டே உட்கார்ந்து அரிசியைக் கூட்டி அள்ளினாள். அள்ளி முடித்ததும், "வா, இன்னொரு வாட்டி பாப்போம்" என்று மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாள்.

கடைசியில் வழி சொன்னவன் சுடலைக்கண்ணுதான். உணவு இடைவேளையில் தூணில் சாய்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"உக்காந்தாத்தானே வலிக்கி? உக்காராதிய."

"உக்காரலன்னா தங்கச்சி இல்லன்ட்டா."

"உக்காந்த மாதிரி இருங்க அண்ணாச்சி. நாங்க கபடி ஆடுதப்ப சேரே இல்லாம சேருல உக்காருவோம், தொடைக்குப் பெலம் வரதுக்கு. சேருக்கு ரெண்டு விரக்கட மேல நிறுத்திக்கிடுங்க. வேட்டி கெட்டிட்டா அடியில என்ன நடக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

பகலவன் அவனை உற்றுப் பார்த்தார். அன்று மாலையே தொடங்கிவிட்டார். வேலை இல்லாத நேரமெல்லாம் ரோபோவுக்குப் பக்கத்தில், இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் நாட்களில் தொடை நடுங்கி விழுந்தார். பிறகு நடுக்கம் நின்றது. அந்த இரண்டு விரற்கடையில் வலி வரவில்லை. தொடை எரிந்தது. தொடை ஏன் எரிகிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்லிவிடுவார்கள், அதனால் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சூப்பர்வைசர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பு வாரத்துக்கு ஏற்ற உடற்பயிற்சி என்று பாராட்டி, காலை ஷிப்டில் எல்லோரையும் அப்படி நிற்கச் சொல்லிவிட்டார். லைன் முழுவதும் சுடலைக்கண்ணுவைத் திட்டியது.

காதுகுத்து சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. ரகு சொன்னபடியே சிம்மாசனம் போட்டிருந்தான். தங்க வண்ணக் கைப்பிடி, சிங்கத் தலை, சிவப்பு வெல்வெட். பகலவன் பழக்கத்தில் உள்ளங்கையால் மெத்தையை அழுத்திப் பார்த்தார். ஸ்பிரிங் ஒரு பக்கம் செத்திருந்தது. முன்வரிசையில் மாரிசெல்வம் பட்டு வேட்டியில் தயாராக உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ரகுவின் அம்மா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிம்மாசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காந்திமதி சீர்த் தட்டை இறக்கினாள். பகலவன் சிம்மாசனத்துக்கு முன் போய்த் திரும்பினார். வேட்டியை இரண்டு பக்கமும் விரித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். இரண்டு விரற்கடையில் நின்றார். மண்டபத்தில் ஒரு பெருமூச்சு போனது. "உக்காந்துட்டாருடி" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. மாரிசெல்வத்தின் முகம் வாடியது.

யாழிசையை மடியில் வைத்தார்கள். அரிசி மூட்டை அசைந்ததில்லை. இவள் அசைந்தாள். தொடை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் குழந்தைக்கு ஏறியது. அவள் தலையை நிமிர்த்தி, "மாமா, பஸ்ஸு!" என்று சிரித்தாள். "ஆமா கண்ணு, பஸ்ஸு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. காது குத்த வந்த பத்தர் ஊசியோடு குனிந்தார். அவர் வயதானவர். எதையும் நிதானமாகச் செய்கிறவர். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது காது முடிந்தது. குழந்தைக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

புரிந்தபோது அலறினாள். செந்தாமரை சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் கைப்பிடிக்குக் கீழே, மெத்தையின் மட்டத்தில் இருந்தது. குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். அவள் கண் போன இடத்தைப் பகலவன் பார்த்தார். வேட்டிக்கும் வெல்வெட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில், அந்தப் பக்கம் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியின் கால் தெரிந்தது. துணிக்குள் அவர் தொடை, அறுத்துப் போட்ட கோழி போலத் துடித்துக்கொண்டிருந்தது.

செந்தாமரை நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"இடது காது" என்றார் பத்தர்.

ஊசி இறங்கியதும் யாழிசை இரண்டு காலாலும் உதைத்தாள். பகலவன் அந்த இரண்டு விரற்கடையும் இறங்கினார். ஸ்பிரிங் செத்த பக்கமாகவே இறங்கினார். முழுதாக உட்கார்ந்துவிட்டார். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. மேலே பத்தர் தோட்டின் திருகைத் தேடி எடுத்து, ஊதித் துடைத்து, அவசரமில்லாமல் திருகினார். கீழேயும் திருகியது. அவர் எழவில்லை. குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் அழுத அதே சுருதியில் அவரும் அழுதார். கண்ணீர் மீசையில் இறங்கி யாழிசையின் பூவில் சொட்டியது.

"மாமன் அழுவுறத பாருங்கடி!" என்று ரகுவின் அம்மா எழுந்தே விட்டாள். "ரத்தபாசம்னா இதான். இவரப் போயி நான் இன்னா இன்னா பேசிட்டேன்!" அவளும் முந்தானையை எடுத்தாள். புகைப்படக்காரர், "சார், அப்டியே இருங்க, அப்டியே" என்று மூன்று பக்கமும் வந்து எடுத்தார். திருகு இறுகியதும் செந்தாமரை குழந்தையை வெடுக்கென்று அவர் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். பகலவன் கைப்பிடிச் சிங்கத்தைப் பிடித்து எழுந்து நின்றார்.

பந்தி போட்டார்கள். ரகுவின் அம்மா தானே வந்து பகலவனின் கையைப் பிடித்தாள். "மொத எலைல மாமன் உக்காரணும். நீங்க எழுந்தாத்தான் நாங்க உக்காருவோம். பாயசம் ரெண்டு வாட்டி வாங்கணும், சொல்ட்டேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். முதல் இலைக்கு எதிரே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. இலையில் சோறு விழுந்துவிட்டது. பகலவன் நாற்காலியைப் பார்த்தார். தொடையில் இனி இரண்டு விரற்கடைக்கும் வலு இல்லை.

சமையற்கட்டிலிருந்து செந்தாமரை வந்தாள். இடுப்பில் யாழிசை, மற்ற கையில் சாம்பார் வாளி. வாளியின் பிடியை அண்ணனின் இடது கையில் மாட்டினாள். கரண்டியின் காம்பை அவர் வலது கைப் பக்கம் திருப்பி வைத்தாள். "இன்னா இது, மாமனப் போயி..." என்று மாமியார் ஆரம்பிப்பதற்குள், விசேஷ வீட்டுக்காரி உட்காரக் கூடாத முதல் இலையில், அண்ணனுக்குப் போட்ட நாற்காலியை இழுத்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றில் குழி பறித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.